கருந்துளைக்கு மட்டும்தான் ஜெட்டா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

உங்க அறிவியல் பக்கத்துல ஜெட்னு, அதாவது விண்வெளியில வாயு தாரையா பீச்சி அடிக்கறத பத்தி வந்தாலே கருந்துளை படம்தான். அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா இப்பதான் பொறந்துட்டிருக்கிற பெரிய நட்சத்திரங்களும் இதே வேலைய பண்ணுதுங்க, அத பத்தி ஒரு பத்தி கூட நான் பாத்ததில்ல.

சூரியனை விட எட்டு மடங்குக்கு மேல எடையுள்ள நட்சத்திரம் உருவாகுற இடத்துல தூசி அவ்வளவு அடர்த்தி, சாதாரண வெளிச்சம் வெளியவே வராது, ஆனா ரேடியோ அலை தாராளமா தாண்டி வந்துரும். சுத்தி இருக்கற வட்டுலேருந்து உள்ள விழுற வாயுல கொஞ்சம் ரெண்டு துருவம் பக்கமும் வினாடிக்கு நூத்துக்கணக்கான கிலோமீட்டர் வேகத்துல பீச்சி அடிக்குது. அந்த சூடான வாயுல எலக்ட்ரான் புரோட்டான் பக்கத்துல போகும்போது பாதை வளையும், அப்ப ரேடியோ அலை கிளம்பும். இது பழைய சமாச்சாரம்.

சுவாரசியமே தனுசு விண்மீன் கூட்டம் பக்கம் ஒரு பெரிய இளம் நட்சத்திரத்துலேருந்து கிளம்புற ஹெச்ஹெச் 80-81ங்கற ஜெட்லதான். 2010ல அமெரிக்காவோட விஎல்ஏ தொலைநோக்கிய வச்சு பாத்தப்ப அதோட ரேடியோ அலை முனைவாக்கம் அடைஞ்சிருந்துச்சு, அதாவது அலையோட அதிர்வு பெரும்பாலும் ஒரே திசையில இருந்துச்சு, அப்படின்னா அது சின்க்ரோட்ரான் கதிர்வீச்சு, கிட்டத்தட்ட ஒளிவேகத்துல எலக்ட்ரான்கள் காந்தப்புலத்த சுத்தி வருது. ஜெட்டோட வேகமே வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம்தான், ஒளிவேகத்துல அரை சதவீதம் கூட இல்ல, அப்புறம் எலக்ட்ரானுக்கு மட்டும் எங்கேருந்து அவ்வளவு வேகம்? ஜெட் போய் மோதுற இடத்துல வர்ற அதிர்வலைதான் தள்ளிவிடுதுன்னு சொல்றாங்க. எனக்கு என்னமோ இதுதான் பெரிய விஷயமா படுது, ஏன்னா கருந்துளை ஜெட்லயும் இதே சின்க்ரோட்ரான்தான், அங்க நடக்கறதும் நட்சத்திரக் குழந்தைகிட்ட நடக்கறதும் ஒரே குடும்பம்னு இதுலதான் தெரியுது. நம்ம புனே பக்கத்து ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியும் இதே ஹெச்ஹெச் 80-81 ஜெட்ட குறைஞ்ச அதிர்வெண்ல பாத்திருக்கு, அங்கதான் சின்க்ரோட்ரான் பங்கு தூக்கலா தெரியும், அதுவும் செய்தியாகல.

இன்னொண்ணு, எஸ்255ங்கற பகுதியில ஒரு பெரிய இளம் நட்சத்திரம் 2015ல திடீர்னு நிறைய வாயுவ முழுங்கி அகச்சிவப்புல பளிச்சுனு ஆச்சு, சுமார் ஒரு வருஷம் கழிச்சு அதோட ஜெட் ரேடியோல ஏறுச்சு. உள்ள போனதுக்கும் வெளிய வந்ததுக்கும் நேரடி கணக்கு!

அடுத்த தடவ ஜெட் பத்தி போடும்போது ஹெச்ஹெச் 80-81 ரேடியோ படத்தையும் சேத்து போடுங்க சார், கலர் கம்மியா இருந்தாலும் பரவால்ல.

இப்படிக்கு,
ஞாயிறு இணைப்ப விடாம படிக்கற வாசகர்