பாட்டின் தலையை வெட்டிய அண்ணாச்சிக்கு

அன்புள்ள அண்ணாச்சி,

வணக்கம். என்னை உங்களுக்கு நினைவிருக்காது. 1988-இல் பாளையங்கோட்டையில் கல்லூரி முதலாமாண்டு படித்துக்கொண்டிருந்த ஒரு நோஞ்சான் பையன் உங்கள் ரெக்கார்டிங் கடைக்கு வந்தான். 60 நிமிடக் கேசட் ஒன்றையும், கோடு போட்ட தாளில் 17 ஆங்கிலப் பாட்டுகளின் பட்டியலையும் நீட்டினான். நீங்கள் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு, "தம்பி, இதற்கு 90 நிமிடக் கேசட் வேண்டும்" என்றீர்கள். அதை வாங்க அவனிடம் காசில்லை. "எப்படியாவது அடக்கிவிடுங்கள் அண்ணாச்சி" என்றான்.

அடக்கிவிட்டீர்கள். நான்கு நாள் கழித்துக் கேசட்டைக் கையில் கொடுக்கும்போது, "இரைச்சலை எல்லாம் எடுத்துவிட்டேன், பாட்டு மட்டும் சுத்தமாக இருக்கும்" என்று பெருமையாகச் சொன்னீர்கள். ஏதோ பெரிய இயந்திரம் வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்து விடுதியில் எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீங்கள் எடுத்தது எந்த இரைச்சல் என்று எனக்குத் தெரிய 11 ஆண்டுகள் ஆயின.

போன மாதம் ஊருக்கு வந்திருந்தேன். கடை இருந்த இடத்தில் இப்போது செல்பேசி உறை விற்கிறார்கள். உங்களைப் பற்றி விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. முகவரி இல்லாத கடிதத்தை நாலு பேர் பார்க்கிற சுவரில்தான் ஒட்டவேண்டியிருக்கிறது.

1999. சென்னையில் ஒரு மேன்ஷன் அறை. உடன் தங்கியிருந்த நண்பர் புதிதாக வாங்கிய சி.டி. பிளேயரில் பிங்க் ஃப்ளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' பாட்டைப் போட்டார். எனக்கு வரி வரியாக மனப்பாடமான பாட்டு. ஆனால் ஸ்பீக்கரிலிருந்து வந்தது வேறு ஏதோ. யாரோ வானொலியின் குமிழைத் திருகுகிறார்கள். ஒரு பேச்சுக் குரல், கொஞ்சம் சிம்பொனி, கரகரப்பு, பிறகு எங்கோ தொலைவில் தகரப் பெட்டிக்குள் வாசிப்பதுபோல் ஒரு கிட்டார். சி.டி. கோளாறு என்று நினைத்து எழுந்துபோய் பிளேயரைத் தட்டினேன். நண்பர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்த வானொலி குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோரின் காரில் இருந்தது. அதிலிருந்துதான் பதிவு செய்தார்கள். அந்தச் சிம்பொனி சைகோவ்ஸ்கியின் நான்காவது. தகர ஒலியில் வரும் கிட்டார் 12 கம்பிகள் கொண்டது, பழைய வானொலியில் கேட்பதுபோல வேண்டுமென்றே மெலியவைத்தது. சற்று நேரம் அது தனியாக ஓடுகிறது. பிறகு, அண்ணாச்சி, மிக அருகில், நாம் இருக்கும் அறைக்குள்ளேயே ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறொரு கிட்டாரை எடுக்கிறார். வானொலியில் போகும் கிட்டாரோடு சேர்ந்து வாசிக்கிறார். அவ்வளவுதான். இரவில் தனியாக இருக்கும் ஒருவன், வானொலியில் வரும் முகம் தெரியாதவனுக்குத் துணையாக வாசித்துப் பார்க்கிறான். பாட்டோ இல்லாமல் போன ஒரு நண்பனைப் பற்றியது. அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட் மனநலம் குலைந்து விலகிப் போனதன் துயரம் 1975-இல் வந்த அந்த ஆல்பம் முழுக்க இருக்கிறது. பாடகர் வாய் திறப்பதற்கு முன்னால் ஒன்றரை நிமிடத்தில் பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறார்கள். என் கேசட்டில் அந்த ஒன்றரை நிமிடம் இல்லை.

எனக்கு இதில் ஆறாத ஒரு வருத்தம் உண்டு. நீங்கள் திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்தவர். சிலோன் ரேடியோ கேட்டு வளர்ந்தவர். மீடியம் வேவில் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, கடல் இரைவதுபோன்ற இரைச்சலுக்கு நடுவிலிருந்து ஒரு பாட்டைப் பிடித்து வெளியே எடுக்கத் தெரிந்தவர். அந்தக் கரகரப்பு எதைச் சொல்கிறது என்று இங்கிலாந்துக்காரனைவிட உங்களுக்கல்லவா நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும்? அதையே கோளாறு என்று நினைத்து வெட்டிவிட்டீர்களே.

அந்த இரவுக்குப் பிறகு பைத்தியம்போல ஒவ்வொரு பாட்டின் தலையையும் தேடிப்போனேன். உங்கள் முறை அப்போதுதான் புரிந்தது. பாடுகிறவர் வாயைத் திறக்கும் இடத்தில் உங்கள் விரல் பட்டனை அழுத்தும். அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் கழிவு. ஆனால் இதே விதியை இளையராஜாவிடம் காட்டியிருக்கிறீர்களா? நான் கடையில் காத்திருந்த அன்று ராஜா பாட்டு ஒன்றைப் பதிந்துகொண்டிருந்தீர்கள். முன்னிசையில் வயலின்கள் எழுந்தபோது கண்ணை மூடி மேசையில் தாளம் போட்டீர்கள். அதில் ஒரு விநாடியை வெட்டியிருந்தாலும் ஊரில் கடை நடத்தியிருக்க முடியாது, உங்களுக்கும் தெரியும். வெள்ளைக்காரன் கேட்க வரமாட்டான் என்கிற தைரியம்தானே?

பீட்டில்ஸின் 'எ ஹார்ட் டேஸ் நைட்' பாட்டில் நீங்கள் மிச்சம் பிடித்தது மூன்று விநாடி. மூன்றே விநாடி! ஒரே ஒரு தடவை மீட்டிய சுரக்கூட்டு. கோயில் மணியை அடித்துவிட்டு அது அதிர்ந்து அடங்கும்வரை காத்திருப்பதுபோல் நிற்கும், பிறகு ஜான் லெனன் பாய்ந்து வருவார். அதே பெயர் கொண்ட படமும் இசைத்தட்டும் இந்தப் பாட்டில்தான் தொடங்கப்போகின்றன என்பதால் முதல் ஒலியே பலமாக இருக்கவேண்டும் என்று நினைத்ததாகத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் சொல்லியிருக்கிறார். 1964 ஏப்ரலில் பதிவானது. அதில் என்ன சுரங்கள் இருக்கின்றன என்று பல ஆண்டுகள் ஆட்கள் சண்டை போட்டார்கள். ஜார்ஜ் ஹாரிசனின் 12 கம்பிக் கிட்டாரை மட்டும் வைத்து வாசித்துப் பார்த்தால் அந்த ஒலி வரவில்லை. கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் ஜேசன் பிரவுன் என்ற கணிதப் பேராசிரியர், ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்துக் கணக்குப் போட்டு, அடியில் ஒரு பியானோ ஒளிந்திருக்கிறது என்றார். வாசித்தது ஜார்ஜ் மார்ட்டின். கிட்டார்கள், பால் மெக்கார்ட்னியின் பேஸ் கிட்டார், பியானோ எல்லாம் ஒன்றாக இடித்து ஒற்றை உலோகமாகிவிட்ட மூன்று விநாடி அது. கணிதப் பேராசிரியர் ஒருவர் கணக்குப் போட்டு ஆராய்ந்த ஒலியை நீங்கள் ஒரு விரலால் முடித்துவிட்டீர்கள்.

பாப் டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' இன்னும் மோசம். அதன் முதல் ஒலி பாபி கிரெக் டிரம்மில் அடிக்கும் ஒரே அடி. துப்பாக்கி வெடித்ததுபோல் இருக்கும். சிறுவயதில் தாயாரோடு காரில் போகும்போது அதை வானொலியில் கேட்ட பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், மனத்தின் கதவை யாரோ உதைத்துத் திறந்ததுபோல் இருந்தது என்று ஒரு மேடையில் சொன்னார். அவர் அப்படிச் சொன்னது 1988 ஜனவரியில். அதே ஆண்டில்தான் பாளையங்கோட்டையில் நீங்கள் அந்தக் கதவைக் கழற்றி வைத்தீர்கள்.

மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' விஷயத்தில் உங்களுக்கு ஒரு பெரிய மனிதரின் ஆதரவு உண்டு என்பதை மறைக்க மாட்டேன். அதன் தொடக்க இசை 29 விநாடி. அந்த நேரத்தில் ஒருவர் முகச்சவரமே செய்து முடித்துவிடலாம், குறைத்துவிடு என்று தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் சொல்லிப் பார்த்தார். அதுதான் என்னை ஆட வைக்கிறது என்று மைக்கேல் ஜாக்சன் மறுத்துவிட்டார். குவின்சி ஜோன்ஸால் முடியாததை நீங்கள் சாதித்திருக்கிறீர்கள்.

பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' பாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். சில்லறை குலுங்குகிறது, காகிதம் கிழிகிறது, கல்லாப்பெட்டி மணியடித்துத் திறக்கிறது. குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் காசுகளைக் கிண்ணத்தில் போட்டுப் பதிவு செய்தார். பிறகு ஒவ்வொரு சத்தமும் இருந்த நாடாவை அளவுகோலால் அளந்து, ஒரே நீளத்தில் நறுக்கி, ஒட்டி, வளையமாக்கிச் சுழலவிட்டார்கள். கணினி எதுவும் கிடையாது, கத்தியும் ஒட்டுநாடாவும்தான். அந்த வளையத்தில் ஏழு எண்ணிக்கை வரும். மிஸ்ர சாபு தாளம் பழகிய காதுகளுக்குக் கால் தானாகத் தட்டும். நாடாவை வெட்டி ஒட்டும் தொழிலில் இருந்த நீங்கள் அந்த வேலையைக் கண்டு எழுந்து நின்றிருக்கவேண்டும். கல்லாப்பெட்டிச் சத்தம் வேண்டாம் என்று சொன்ன கடைக்காரரை நான் இன்றுவரை வேறு எங்கும் பார்க்கவில்லை.

ரோனெட்ஸ் குழுவின் 'பி மை பேபி'. இதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். 1963, லாஸ் ஏஞ்சல்ஸில் கோல்ட் ஸ்டார் என்ற சிறிய ஒலிப்பதிவுக் கூடம். டிரம்மில் ஹால் பிளெய்ன். தும், ததும், டமார். மறுபடியும் தும், ததும், டமார். வழக்கமாக இரண்டாவது எண்ணிக்கையிலும் நான்காவதிலும் அடி விழவேண்டும். இரண்டாவதைத் தவறவிட்டுவிட்டேன், பிறகு அதையே வைத்துக்கொண்டேன் என்று பிளெய்ன் பின்னாளில் சொன்னார். இரண்டில் ஏமாற்றம், நான்கில் இடி. அந்த வெற்றிடம்தான் நெஞ்சைப் பிடித்து இழுக்கிறது. பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் காரில் போகும்போது இதை முதன்முதலாகக் கேட்டு, ஓட்ட முடியாமல் வண்டியை ஓரம்கட்டினார். பிறகு வாழ்நாள் முழுவதும் இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். என் கேசட்டில் அந்தப் பெண்குரல் நேராக வந்து நின்றுவிடுகிறது. நல்ல குரல்தான். ஆனால் அது நடந்து வந்த படிக்கட்டு இல்லை.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' கதையைக் கேட்டால் உங்களுக்கே சிரிப்பு வரும். அவர்களின் கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் படுக்கையருகே ஒரு கேசட் ரெக்கார்டர் வைத்திருந்தார். ஒருநாள் காலையில் பார்த்தால் நாடா முழுக்க ஓடி முடிந்திருந்தது. திருப்பிப் போட்டுக் கேட்டார். தூக்கக் கலக்கத்தில் அவரே வாசித்த அந்தப் புகழ்பெற்ற கிட்டார் வரி கொஞ்ச நேரம், அதற்குப் பிறகு நாடா முடியும்வரை குறட்டை. அந்தக் கேசட் உங்கள் கைக்கு வந்திருந்தால் உங்கள் விதிப்படி கிட்டாரை வெட்டிவிட்டு, வாயிலிருந்து வரும் குறட்டையை மட்டும் பதிந்து கொடுத்திருப்பீர்கள்.

ஒன்றே ஒன்றை நீங்கள் தொடவில்லை. டெம்ப்டேஷன்ஸ் குழுவின் 'மை கேர்ள்'. முதலில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ், இதயத்துடிப்புபோல. அதன்மேல் ராபர்ட் ஒயிட்டின் கிட்டார் படியேறுகிறது: ச ரி க ப த ச. அப்பட்டமான மோகன ஆரோகணம். டெட்ராய்ட்டில் அதை வாசித்தவருக்கு மோகனத்தைத் தெரிந்திருக்காது, ஆனால் உங்கள் காது அடையாளம் கண்டுகொண்டது என்றுதான் நினைக்கிறேன். விரல் நின்றுவிட்டது. அந்தப் பாட்டை வெளியிட்ட மோட்டவுன் நிறுவனம் பல ஆண்டுகள் தன் வாத்தியக்காரர்களின் பெயரை இசைத்தட்டு உறையில் போடவே இல்லை. பிற்காலத்தில் ஒருநாள் ராபர்ட் ஒயிட் உணவகத்தில் உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பாட்டு ஒலித்ததாம். பரிமாற வந்தவரிடம் வாசித்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்து, நம்பமாட்டார் என்று பேச்சை மாற்றிவிட்டாராம். அவர் பெயர் தெரியாமலே நீங்கள் அவருக்கு மரியாதை செய்திருக்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தில் கெட்ட வார்த்தை எதுவும் இல்லை.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் காலத்தை முந்திவிட்டீர்கள். அமெரிக்காவில் 1986 முதல் 2015 வரை வெற்றி பெற்ற பாட்டுகளை ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒருவர் அளந்து பார்த்திருக்கிறார். முதலில் 20 விநாடிக்கு மேல் இருந்த தொடக்க இசை கடைசியில் 5 விநாடிக்கு வந்துவிட்டது. பிடிக்கவில்லையென்றால் கேட்பவர் விரலால் தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார். 30 விநாடியாவது ஓடினால்தான் ஸ்பாட்டிஃபையில் காசு. அதனால் இப்போது வெட்டுகிற வேலையை இசையமைப்பாளர்களே வீட்டில் செய்துவிடுகிறார்கள். உங்களைப்போல் எடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்வதுகூட இல்லை.

கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. பூஞ்சை பிடித்துவிட்டது, ஆனாலும் ஓடுகிறது. முழுப் பாட்டுகளையும் பிறகு எத்தனையோ முறை கேட்டாயிற்று. இருந்தாலும் 'பி மை பேபி' எங்காவது ஒலித்தால், அந்த முதல் அடிக்கு முன்னால் உங்கள் பட்டனின் 'டக்' சத்தம் என் காதில் விழுகிறது. அதை வெட்ட எனக்கு வழி தெரியவில்லை.

பி பக்கத்தின் கடைசிப் பாட்டு 'ஹே ஜூட்'. அதில் உங்களுக்கு வேலையே வைக்கவில்லை. முன்னிசை கிடையாது, மெக்கார்ட்னியின் குரல்தான் முதலில். அவர் பாடத் தொடங்கியபோது டிரம்மர் ரிங்கோ ஸ்டார் கழிப்பறையில் இருந்தாராம். அவர் பூனைபோல் நடந்து வந்து உட்காரவும், டிரம் ஒலிக்கவேண்டிய இடம் வரவும் சரியாக இருந்தது. வெட்ட முடியாததால் பாட்டு தலையோடு இறங்கியது. ஏழு நிமிடத்துக்கு மேல் போகும் பாட்டு, கடைசி நான்கு நிமிடம் எல்லோரும் சேர்ந்து 'நா நா நா' என்று பாடவேண்டும். என் கேசட்டில் இரண்டாவது 'நா'வில் நாடா தீர்ந்துவிடுகிறது.

வால்களின் கணக்கு தனி அண்ணாச்சி. அதற்கு அடுத்த கடிதம் போடுகிறேன்.

இப்படிக்கு,
90 நிமிடக் கேசட் வாங்கக் காசில்லாதவன்