கியர் பெட்டியை இறக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் காரில் முதல் கியரும் ரிவர்சும் விழ மறுத்தன. பணிமனையில் ஓட்டிக்கூடப் பார்க்காமல், கியர் பெட்டியை இறக்க வேண்டும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ஜினை நிறுத்திவிட்டுப் போட்டுப் பார்த்தேன்; எல்லாக் கியர்களும் சுலபமாக விழுந்தன. என்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், பெரும்பாலும், என்ஜினையும் கியர் பெட்டியையும் பிரித்துவிடும் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். பானெட்டைத் திறந்தேன். கிளட்ச் திரவம் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. கிளட்ச் பெடலுக்கு மேலே, மிதிக்கும்போது அந்தத் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் தண்டில் விரலை வைத்தால் பிசுபிசுவென்று கசிவின் ஈரம். சிலிண்டரை மாற்றி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றியதோடு வேலை முடிந்தது. என்ஜின் நின்றிருக்கும்போதும் இறுக்கம் இருந்தால், கியர் லீவரிலிருந்து பெட்டிக்குப் போகும் கேபிளைப் பார்க்கலாம். இந்த இரண்டு நிமிடச் சோதனையைக்கூடச் செய்யாமல் பெட்டியைப் பிரிக்கச் சொல்வது எந்த வகையில் நியாயம்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்