விகாஷ் பற்றி நீ கேட்டது

ரோஸ் ஹில்

அன்பு வேலு,

உன் கடிதம் வந்தது. இங்கே காவடி விரதமெல்லாம் முடிந்தாயிற்று, மழைதான் விட்டபாடில்லை. பையன்களுக்குக் கால்பந்து ஆட்டக்காரர் விகாஷ் தொராசூவைப் பற்றிச் சொல்லப்போகிறாயாம், சந்தோஷம். ஆனால் நீ அனுப்பிய பேச்சில் முதல் பத்தியை அடித்துவிடு.

அவர் மொரீஷியஸில் பிறந்தவர் இல்லை. 1973 அக்டோபர் 10இல், பிரான்ஸில் லெ ஆவ்ர் துறைமுகத்தை ஒட்டிய ஆர்ஃப்ளரில் பிறந்தார். குடும்பத்தின் வேர்தான் நம் தீவில். அதுவும் தெலுங்கு வம்சாவளி. "நம்ம தமிழ்ப் பையன்" என்று நீ ஆரம்பித்தால் முன்வரிசைத் தெலுங்குக்காரர்கள் எழுந்துவிடுவார்கள். தமிழ் கடேட்ஸ், ஹிந்து கடேட்ஸ், முஸ்லிம் ஸ்கௌட்ஸ் என்று ஆளுக்கொரு கிளப் வைத்து அடித்துக்கொண்ட ஊர் இது. பழைய புண்ணைக் கிளறாதே.

கோப்பைகளை மட்டும் அடுக்கினால் குறையொன்றும் தெரியாது. பிரான்ஸின் லியோன் கிளப்பில் 2003, 2004 இரண்டு லீக் பட்டம். நடுவே ஒரு பருவம் போர்தோவுக்கு இரவலாகப் போய் 2002 லீக் கோப்பை. 2006 ஏப்ரலில் பிரெஞ்சுக் கோப்பை இறுதியாட்டம், பாரிஸுக்கும் மார்செய்க்கும். இவர் அப்போது ஆடிய பாரிஸ் 2-1 என்று ஜெயித்தது. அந்த இரண்டாவது கோல் இவர் தூரத்திலிருந்து அடித்தது. பிரான்ஸுக்கு 18 ஆட்டம், ஒரே கோல், 2005 அக்டோபரில் சைப்ரஸுக்கு எதிராக.

பையன்களுக்குச் சொல்லவேண்டியது அந்த பெஞ்ச் கதையைத்தான். 2005இல் இஸ்தான்புல்லில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. இவர் அப்போது இருந்த இத்தாலியின் மிலான் கிளப் 3-0 முன்னிலையைக் கோட்டைவிட்ட ராத்திரி. மாற்று ஆட்டக்காரர் மூன்று பேர் இறங்கினார்கள், இவர் இறங்கவில்லை. அடுத்த வருஷம் ஜெர்மனி உலகக் கோப்பையில் இரண்டு ஆட்டத்தில் கடைசி நேரத்தில் இறக்கினார்கள், மொத்தம் பதினாறு நிமிஷம். பெர்லின் இறுதியாட்டத்தையும் உட்கார்ந்தபடியே பார்த்தார். அந்த ஒரு மாதத்தைச் சூப்பர் எட்டு என்கிற சின்ன ஃபிலிம் கேமராவில் படம்பிடித்துக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

திறமை இல்லாமல் இல்லை. 2005 ஆகஸ்டில் ஸிடான், மாகெலெலே இருவரும் ஓய்வை ரத்து செய்துவிட்டு பிரான்ஸ் அணிக்குத் திரும்பி வந்தார்கள். பின்னால் வியேராவும் மாகெலெலேயும் முட்டுக்கொடுக்க, முன்னால் ஸிடான். நடுவில் பந்தை வாங்கிச் சின்னச் சின்ன பாஸாகக் கொடுத்து நகர்த்தும் இன்னொருவருக்கு இடமே இல்லை. விளிம்பில் ஓடவோ தலையால் முட்டவோ அவர் ஆள் அல்ல. மிலானிலும் இதே கதை, அங்கே நடுக்கள ஆட்டக்காரர்களாகப் பீர்லோவும் ஸீடார்ஃபும் இருக்கையில்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடு. பயிற்சியாளரோடு முட்டல், 2006 அக்டோபரில் பாரிஸ் கிளப் ஒப்பந்தத்தையே முறித்தது. அடுத்துப் போன இத்தாலியக் கிளப் லிவோர்னோவில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2008 ஜனவரியில் ஓய்வு. போக்கர் சீட்டாட்டம் ஆடினதையும் பாரிஸ் நகரசபைத் தேர்தலில் நின்றதையும் பையன்களிடம் சொல்லவேண்டுமா என்பது உன் பாடு.

பேச்சைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு மைதானத்துக்குக் கூட்டிப்போ. பத்து மீட்டர் சதுரம், நாலு மூலையில் நாலு பேர், நடுவில் ஒருவன். பந்து காலுக்கு வருவதற்குள் நடுவில் நிற்பவன் இரண்டு தடவை தோளுக்குப் பின்னால் பார்க்கவேண்டும். பார்த்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பின்னால் நிற்பவன் விரல் காட்டட்டும், இவன் எண்ணைச் சொல்லிக்கொண்டே பந்தை வாங்கட்டும். உடம்பு பாதி திரும்பியிருக்க, பந்து வரும் பக்கத்துக்கு அப்பாலுள்ள காலால் வாங்கி, அடுத்த தொடுகையில் எதிர்மூலைக்குப் பாஸ். மூன்று நிமிஷத்துக்கொருமுறை ஆளை மாற்று.

முதல் நாள் பாதிப் பேர் கிட்டத்துக் காலால்தான் வாங்குவார்கள். வாங்கியதும் வந்த திசையையே பார்த்து நிற்பார்கள், திரும்புவதற்கு இன்னும் இரண்டு தொடுகை வீணாகும். பார்க்கிறேன் பேர்வழி என்று கழுத்தை மட்டும் வெட்டுகிறவனும் இருப்பான், அவனுக்கு விரல் எண்ணிக்கை தப்பும். "திரும்பு, திரும்பு" என்று நீ வெளியிலிருந்து கத்தாதே. கத்தினால் உன் குரலுக்குக் காத்திருப்பான், பின்னால் பார்க்கமாட்டான்.

உங்கள் மைதானம் மேடுபள்ளம். மழை விடும்வரை பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் வைத்துக்கொள், பந்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு.

உன்,
ராமு