அப்பா தரையில் வரைந்த படம்

காவேரிப்பட்டணம்,
ஆனி 12.

அன்புள்ள பாப்பா,

பழத்தின் பதம் சொல்லும் கருவி என்று உனக்குத் தோன்றிய யோசனையைப் போனில் கேட்டதும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் "மாசக் கடைசி மீட்டிங்ல மேனேஜர்கிட்ட எல்லாத்தையும் காட்டிடப்போறேன்மா" என்றாயே, அங்கேதான் பகீரென்றது. போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

உங்கப்பா கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. மாங்கூழ் பேக்டரியில் அவர் பிட்டராக இருந்தபோது, கொட்டை பிரிக்கிற மிஷின் ஒரு ஷிப்டில் நாலைந்து தடவை நின்றுபோகும். நாரும் தோலும் சல்லடையை அடைத்துக்கொள்ளும். கழற்றிக் கழுவி மறுபடி மாட்ட அரை மணி நேரம். அதுவரை வெளியே லாரிகள் வரிசையில் நிற்கும், வெயிலில் பழம் கனிந்து ஒழுகும். ஒரு சீசன் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், உள்ளே சுற்றும் துடுப்பின் சாய்வையும் சல்லடைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியையும் மாற்றினால் போதும் என்று கண்டுபிடித்தார். ஒரு ராத்திரி ஷிப்டில் தனக்கு மேலே இருந்த அதிகாரியிடம் சாக்பீஸால் தரையில் படம் போட்டு விளக்கினார். விடியற்காலை வழக்கம்போலப் பைப் போட்டுத் தரையைக் கழுவினார்கள், படமும் போயிற்று. அடுத்த சீசனில் மூன்று மிஷினும் அவர் சொன்னபடியே மாறியிருந்தன. பாராட்டு வேறொருவருக்கு. அப்பாவுக்கு ஆயுத பூஜை அன்று ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர். அதன் அடித்தட்டில்தான் நான் இன்றைக்கும் ரசம் ஊற்றி வைக்கிறேன்.

எனக்கு ஆறாதது இதுதான். அப்போது நான் கிருஷ்ணகிரியில் வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஊரார் பாகப்பிரிவினைக்கும் கிரயத்துக்கும் நாளெல்லாம் அடித்தவள், வீட்டு மனுஷனுக்குத் தேதி போட்டு ஒரே ஒரு பக்கம் அடித்துத் தரவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட ஆர்டரை முதலில் எடு. அதில் கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்று ஒரு பத்தி இருக்கும். சில ஆர்டரில் கம்பெனி வேலையாகச் செய்தது மட்டும் கம்பெனிக்கு. சிலதில், வேலையில் இருக்கும்வரை கம்பெனித் தொழில் சம்பந்தமாக எது தோன்றினாலும், ராத்திரி வீட்டில் தோன்றினாலும், கம்பெனிக்கு. உங்கள் கம்பெனி பழம் பதப்படுத்தும் மிஷின் செய்கிறது. நீ யோசித்ததோ கூடையைப் பிரிக்காமலே பழத்தின் பதம் சொல்லும் கருவி. ரொம்ப தூரம் இல்லை. லீவில் வந்து இங்கே மண்டியில் நின்றபோது தோன்றியது, சென்சார் சொந்தக் காசில் வாங்கியது என்பதெல்லாம் உனக்குச் சாதகம். படத்தை ஆபீஸ் லேப்டாப்பில் வரைந்தது பாதகம். இனி அதில் எதுவும் வரையாதே. இருப்பதை அழிக்கவும் அழிக்காதே, அது வேறு வம்பு.

நம் 1970 காப்புரிமைச் சட்டத்தில், அதாவது பேட்டன்ட் சட்டத்தில், ஊழியர் ஒன்றைக் கண்டுபிடித்தால் கம்பெனி இவ்வளவு தரவேண்டும் என்று ஒரு பிரிவும் கிடையாது. கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருக்கிறதோ அதுதான்.

படித்துப் பார்த்து உன்னுடையதுதான் என்று தெரிந்தால், யாருக்கும் காட்டும் முன் காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பம் ஒன்றைப் போட்டுவிடு. ஆன்லைனிலேயே போடலாம். தனி ஆளுக்கு அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். ஏஜென்ட் கூலி தனி, அதில் பேரம் பேசு. அந்தத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரத்தையும் தாக்கல் செய்யவேண்டும். யார் முதலில் போட்டார்கள் என்பதுதான் கணக்கு. கவரில் வைத்து உன் பெயருக்கே தபால் அனுப்பிக்கொள் என்று யாராவது சொல்வார்கள், அதனால் ஒரு உரிமையும் வராது. வெறும் யோசனைக்கும் காப்புரிமை இல்லை, அது எப்படி வேலை செய்கிறது என்று எழுதிக் காட்டவேண்டும். சித்தப்பா மகனுக்கு வீடியோ அனுப்பினாயே, அந்த மாதிரி வேலை இனி வேண்டாம்.

கம்பெனிக்குத்தான் என்று இருந்தால் மல்லுக்கு நிற்காதே. ஒளித்து வைத்து வெளியே போய் விற்கலாம் என்றும் நினைக்காதே. அப்போது கேட்கவேண்டியது வேறு. காப்புரிமையில் கண்டுபிடித்தவர் என்று உன் பெயர் வரவேண்டும், அதற்குச் சட்டத்தின் 28-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. அந்த வேலையை நடத்தும் பொறுப்பைக் கேள். ஊக்கத்தொகையும் கேள். பெயரைக் கேட்க வெட்கப்படாதே. அப்பா வெட்கப்பட்டார்.

மீட்டிங்கில் அந்தக் கருவி என்ன செய்யும், கம்பெனிக்கு அதனால் என்ன வரும் என்பதோடு நிறுத்து. ஒரு லோடில் எத்தனை கூடை அழுகிப் போகிறது என்று மண்டியில் எண்ணிக் குறித்து வைத்தாயே, அதைக் காட்டு. எப்படிச் செய்யும் என்று முதல் நாளே கொட்டிவிடாதே. கேட்டால், "என் ஆர்டர்ல இருக்கிற அந்தப் பத்தி இதுக்குப் பொருந்துமான்னு எச்.ஆர். எழுத்துல சொல்லட்டும் சார், அப்புறம் படத்தோட வர்றேன்" என்று சொல். ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று எடுத்த எடுப்பில் நீட்டாதே. சொந்த ஊழியரிடம் எந்த முதலாளியும் சுலபத்தில் போடமாட்டான், மூஞ்சிதான் சுளிப்பான். அதற்குப் பதில் அன்று சாயங்காலமே "இன்று பேசியபடி" என்று தொடங்கி ஒரு மெயில் போடு. அந்த இரண்டு வார்த்தை எத்தனை பேர் கேஸைத் தூக்கி நிறுத்தியது என்று நான் டைப் அடித்தே பார்த்திருக்கிறேன்.

ஆர்டரின் எல்லாப் பக்கத்தையும், பின்னால் வைத்த இணைப்போடு, போட்டோ எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. கண்ணாடி மாற்றிவிட்டேன், பொடி எழுத்தும் தெரிகிறது. புதுப்புளி ரெண்டு கிலோ கொட்டை எடுத்து வைத்திருக்கிறேன், வரும்போது எடுத்துக்கொண்டு போ.

டிபன் கேரியரைப் பற்றி எழுதினேன் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லாதே. வருகிறவர்களுக்கெல்லாம் கம்பெனியில் கொடுத்தது என்று இன்னும் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா