மூன்று படகு நீளத்தில் முடிந்துவிடும் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பட்டர்வொர்த் – ஜார்ஜ்டவுன் ஃபெர்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பதினோரு வயதுப் பேத்தி தஞ்சோங் பூங்கா பக்கம் ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் பாய்மரப் படகு ஓட்டுகிறாள். போட்டி நாட்களில், படகுகள் சுற்றித் திரும்ப வேண்டிய மிதவைக்குப் பக்கத்தில் நிற்கும் படகில் நானும் உதவிக்கு உட்காருவேன். மிதவை நகர்ந்தால் இழுத்துச் சரியான இடத்தில் போடுவது எங்கள் வேலை. பிள்ளைகள் மிதவையைச் சுற்றுவதை அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பதால்தான் இந்தக் கடிதம்.

அண்மையில் ஒரு போட்டியில், காற்றோடு இறங்கி வந்து சுற்ற வேண்டிய கீழ் மிதவைக்கு ஏழெட்டுப் படகுகள் சேர்ந்தாற்போல் வந்தன. கடைசி நேரத்தில் ஒரு பையன், முன்னால் போன சிறுமிக்கும் மிதவைக்கும் நடுவில் "ரூம்! ரூம்!" என்று இடம் கேட்டுக் கத்திக்கொண்டே நுழைந்தான். படகுகள் இடித்து அவளுடையது கவிழ்ந்தது. அவன் மிதவையையும் உரசிக்கொண்டு போய்விட்டான். தப்புக்காகப் படகைத் தானே ஒரு முழு வட்டம் திருப்பும் தண்டனைச் சுற்று போடவே இல்லை. கரையில் அவனுடைய அப்பா, "நீதான் இடம் கேட்டுட்டேல்ல, அப்புறம் என்ன?" என்று தட்டிக்கொடுத்தார். அந்தச் சிறுமி தன் மேல்தான் தப்பு என்று நினைத்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பெற்றோர்களே, பாய்மரப் படகுப் போட்டி விதிகளில் பதினெட்டாம் விதியை ஒரு முறை படியுங்கள். மிதவையைச் சுற்றி மூன்று படகு நீளத்துக்கு ஒரு வட்டம் உண்டு. ஆப்டிமிஸ்ட்டின் நீளம் 2.3 மீட்டர், ஆக மிதவையிலிருந்து வட்டத்தின் ஓரம் சுமார் 7 மீட்டர். பெரிய பிள்ளைகளின் ஐஎல்சிஏ படகு 4.2 மீட்டர் இருப்பதால் அந்தத் தூரமும் 12 மீட்டரைத் தாண்டும். முதல் படகு வட்டத்தைத் தொடும் நொடியில் யார் எங்கே இருந்தார்கள் என்பதுதான் கணக்கு. முன்படகின் பின்கோடியிலிருந்து, அதாவது சுக்கானிலிருந்து, குறுக்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் வரும் படகின் மூக்கு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் அதற்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும். தாண்டவில்லையா, பின்னால் வருகிறவர்தான் இடம் விட வேண்டும். அதற்குப் பிறகு விரட்டி வந்து உள்ளே ஒட்டிக்கொண்டாலும் உரிமை மாறாது. நேரத்துக்குள் ஒட்டினாரா என்று நியாயமான சந்தேகம் வந்தால், ஒட்டவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். கத்தினால் இல்லாத உரிமை வராது, கத்தாவிட்டால் இருக்கிற உரிமை போகாது.

மிதவையைத் தொட்டால் ஒரு சுற்று, மிதவையில் இன்னொரு படகுக்கு விதியை மீறினால் இரண்டு சுற்று. மற்றவர்களை விட்டு விலகி உடனே போட வேண்டும். நான் பார்த்தவரை ஆப்டிமிஸ்ட்டுக்கு இதில் ஒரு நிமிடம்கூடப் போகாது.

காற்றை எதிர்த்து ஏறிப் போகும் மேல் மிதவையில் கதை வேறு. அங்கே எதிரெதிர்ப் பக்கம் காற்று வாங்கி வரும் இரண்டு படகுகளுக்கு நடுவே பதினெட்டாம் விதி வராது. வலப்பக்கம் காற்று வாங்கி வரும் ஸ்டார்போர்ட் படகுக்கு, இடப்பக்கம் காற்று வாங்கி வரும் போர்ட் படகு வழிவிட வேண்டும், அவ்வளவுதான். மிதவையை இடப்பக்கம் விட்டுச் சுற்றும் போட்டியில், போர்ட்டில் வந்து வட்டத்துக்குள் திரும்பி நுழைவது பெரிய ஆபத்து. சற்று முன்னாலேயே திரும்பி ஸ்டார்போர்டில் வரச் சொல்லுங்கள்.

நீரோட்டத்தையும் மறக்காதீர்கள். ஃபெர்ரி ஜெட்டியைக் குறி வைத்து நேராகப் போகாது, நீர் வரும் பக்கம் ஏற்றிப் பிடித்துத்தான் போகும். மிதவைக்கும் அப்படித்தான். காற்று குறைந்த நாளில் நீர் எதிர்த்தால், நேராகக் குறி வைத்த பிள்ளை மிதவையின் மேலேயே போய் விழும். மிதவையை ஒட்டித் தண்ணீர் எந்தப் பக்கம் வால் விடுகிறது என்று பார்த்தாலே ஓட்டம் தெரிந்துவிடும்.

கீழ் மிதவையில் வெளிப்பக்கம் மாட்டிக்கொண்ட பிள்ளையிடம் "வேகமா போ" என்று கரையிலிருந்து கத்துவதால்தான் பாதி வம்பு வருகிறது. வேகமாகப் போனால் மற்ற படகுகளுக்கு வெளியே பெரிய வட்டம் அடித்து, நான்கைந்து இடம் இழக்கும். பாயைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, வேகத்தைக் குறைத்து, முன்படகின் பின்னால் வரிசையில் போவது நல்லது. படகு பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கும் நடுப்பலகையை முன்கூட்டியே தண்ணீருக்குள் இறக்கிவிட வேண்டும். மிதவைக்குள் போகும்போது அகலமாகப் போய், வெளியே வரும்போது அதை ஒட்டி வர வேண்டும். அப்படி வந்தால் மிதவைக்கும் படகுக்கும் நடுவில் வேறு எவரும் நுழைய முடியாது. என் பேத்திக்கு இதை வீட்டு மேசையில் இரண்டு தீப்பெட்டியும் ஒரு ஆரஞ்சுப் பழமும் வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

எங்கள் மிதவைப் படகில் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது. அடுத்த போட்டிக்கு எந்தப் பெற்றோராவது வந்து உட்கார்ந்து பார்க்கலாம். தொப்பியும் தண்ணீரும் மட்டும் கொண்டு வந்தால் போதும். அந்தப் பையனின் அப்பா வந்தால் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

இப்படிக்கு,
முன்னாள் ஃபெர்ரி ஊழியர்,
தஞ்சோங் பூங்கா, பினாங்கு