சுவருக்குள்ளே வீடு

பெரி செயின்ட் எட்மண்ட்ஸ்,
சனிக்கிழமை இரவு

அன்பு பாப்பா,

ஏழு வயதில் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். கதீட்ரலை ஒட்டிய கல்லறைத் தோட்டம் வழியாக வந்துகொண்டிருந்தோம். "ஏம்ப்பா அந்த இடிஞ்ச சுவர்ல ஜன்னல் இருக்கு? உள்ளே யாரு இருக்காங்க?" கார் நிறுத்திய நேரம் முடியப் போகிறதென்று உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டேன். பதில் இன்றைக்குத்தான் கிடைத்தது.

ஊரை நடந்தே பார்க்க ஒரு மடிப்புத் தாள் கொடுக்கிறார்கள். எண் போட்ட வரைபடம், எண்ணுக்கு நாலு வரி விவரம், அவ்வளவுதான். கூட வழிகாட்டி யாரும் கிடையாது என்பதால் முழங்கால் வலித்தால் வலித்த இடத்திலேயே உட்காரலாம். சந்தையில் அம்மா சொன்ன காய்களை வாங்கிக்கொண்டு பையோடு கிளம்பினேன்.

சர்ச்கேட் தெருவை இத்தனை வருஷம் சும்மா ஒரு தெரு என்றே நினைத்திருந்தேன். நம்மூர் சன்னதித் தெருதான் அது! பதினோராம் நூற்றாண்டில் பால்ட்வின் என்ற மடாதிபதி, இங்கிருந்த கிறிஸ்தவத் துறவிகளின் மடத்துக் கோயிலுக்கு நேராக வந்து சேரும்படி போட்ட தெரு.

மடத்துக்கும் ஊர்க்காரர்களுக்கும் ஆகவே ஆகாது. சந்தை வருமானம், நிர்வாகம் எல்லாமே துறவிகள் கையில். 1327இல் ஜனங்கள் பொறுமையிழந்து மடத்துக்குள் புகுந்து சூறையாடிவிட்டார்கள். அதற்கப்புறம் கட்டியதுதான் எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிற அந்தப் பெரிய வாசல். சிலை வைக்கும் மாடங்களுக்குப் பின்னால் அம்பு எய்யத் துளை வைத்திருக்கிறார்கள். துறவிகளுக்கு எவ்வளவு பயம் பார்!

1539இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி மடத்தை மூடியதும் ஊர்க்காரர்கள் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். இந்த சஃபோக் வட்டாரத்தில் நல்ல கட்டடக் கல் கிடைக்காது, மடத்துக்கே தூரத்து பார்னாக்கிலிருந்துதான் சுண்ணாம்புக்கல் வந்தது. யார் விடுவார்கள்? மேலே பதித்த கல் போய், உள்ளே கொட்டியிருந்த சிக்கிமுக்கிக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் மட்டும் மிஞ்சின. சாறு பிழிந்த கரும்புச் சக்கை மாதிரி நிற்கிற இடிபாடுகள் அதுதான்.

மடத்துக் கோயிலின் மேற்கு முகப்பு மட்டும் பாதி இடிந்தபடி நின்றது. நீ கேட்ட சுவர் அதுதான். பெரிய பெரிய வளைவுகள். பின்னால் வந்தவர்கள் அவற்றுக்குள்ளேயே கதவு ஜன்னல் வைத்து வீடு கட்டிக்கொண்டார்கள். சாதாரணக் குடும்பங்கள்தான், பாப்பா. இன்று ஒரு ஜன்னலில் திரைச்சீலையைக்கூடப் பார்த்தேன். எதிரே பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

'நட்ஷெல்' பக்கம் போகவில்லை. பதினைந்தடிக்கு ஏழடி மதுக்கடை, உள்ளே காய்ந்த பூனை ஒன்று தொங்குகிறது. அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா முகத்தைச் சுளிக்கிறாள்.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். காபிக் கறை என் வேலை. ஏழாம் எண்ணோடு நிறுத்திக்கொண்டேன், மிச்சத்தை நீ வந்ததும் நடக்கலாம். காரை வீட்டிலேயே விட்டுவிடுவோம்.

அன்புடன்,
அப்பா