சிலைக்கு ஒரு முழு நாள் வேண்டும்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாம் சரி. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குச் சுதந்திர தேவி சிலை, ஆறு மணிக்கு டைம்ஸ் ஸ்கொயர் என்று போட்டிருக்கிறாயே, அது மட்டும் சரிப்படாது. அவ்வளவு தூரம் பறந்து வந்துவிட்டு, பஸ் நிற்கிற ஐந்து நிமிடத்தில் டீ குடிப்பதுபோல அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப எனக்கு மனமில்லை. ஒரு முழு நாள் ஒதுக்கு. வார நாளாகவும் காலை முதல் படகாகவும் இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, நீ கூட வந்தால் போதும்.

நியூ ஜெர்சியில் குடியிருந்துகொண்டு மன்ஹாட்டன் போய் பேட்டரி பார்க்கில் எதற்காகப் படகு ஏற வேண்டும்? உங்கள் பக்கமே ஜெர்சி சிட்டியில் லிபர்ட்டி ஸ்டேட் பார்க் இருக்கிறது, காரையும் அங்கேயே விடலாம். சிலை இருக்கிற தீவில் ஆளை இறக்கிவிட அனுமதியுள்ள படகு கம்பெனி ஒன்றுதான், ஸ்டாச்யூ சிட்டி குரூசஸ். தெருவில் நின்று கூவி விற்கிற டிக்கெட் எதையும் வாங்கிவிடாதே. அந்தப் படகுகள் சிலையைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டுத் திரும்பிவிடும்.

கிரீடத்துக்கு ஆறு பேருக்கும் டிக்கெட் தேடுவதாக எழுதியிருந்தாய். எங்கள் இருவரையும் விட்டுவிடு. சிலை நிற்கிற மேடைக்கு மேலிருந்து கிரீடம் வரை 162 படி, குறுகலான சுழல் படி, லிஃப்ட் கிடையாது. அம்மாவின் முழங்கால் உனக்குத் தெரியாததா? நீங்கள் ஏறுங்கள், ஆனால் அந்த டிக்கெட் மாதக்கணக்கில் முன்னாலேயே தீர்ந்துவிடும், இன்றைக்கே பார். குழந்தைகள் 42 அங்குலம், அதாவது மூன்றரை அடி, இருந்தால்தான் விடுவார்கள். தூக்கிக்கொண்டும் ஏறக் கூடாது. சின்னவளைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்து பார். எங்களுக்கு மேடை வரை போகிற டிக்கெட் போதும், அதுவரை லிஃப்ட் உண்டு.

பெரியவன் போனில் தீப்பந்தத்துக்கே ஏறணும் என்றான். அங்கே 1916-இலிருந்து யாரையும் ஏற்றுவதில்லை என்று சொல். முதல் உலகப் போருக்காகப் பிளாக் டாம் என்ற இடத்தில் குவித்து வைத்திருந்த வெடிமருந்து வெடித்ததில் சிலையின் கைக்குச் சேதம் வந்துவிட்டது. அந்தப் பிளாக் டாம் இப்போது லிபர்ட்டி ஸ்டேட் பார்க்குக்குள்தான் இருக்கிறது. அன்றைக்குக் காரை நிறுத்தும்போது நானே அவனுக்குக் கதையாகச் சொல்கிறேன்.

எனக்கு மேலே ஏறுவதைவிட உள்ளே பார்க்கத்தான் ஆசை. இத்தனை வருடம் ஃபிட்டராக இருந்தவன் புத்தி வேறு எங்கே போகும்? வெளியே தெரிகிற செப்புத் தகட்டின் கனம் 2.4 மில்லிமீட்டர்தான். மர அச்சுகளில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தது. 350 துண்டாக, 214 பெட்டியில் அடைத்து, 1885-இல் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. அதைத் தாங்கி நிற்கிற இரும்புக் கூடு குஸ்தாவ் ஈஃபிலின் வேலை, பாரிசில் ஈஃபில் கோபுரம் கட்டினாரே, அவரேதான். செம்பும் இரும்பும் ஒட்டி நின்று உப்புக் காற்றும் பட்டால் இரும்பு அரித்துப்போகும். நடுவே கல்நார் வைத்திருந்தார்கள், அது காலப்போக்கில் வீணாகிவிட்டது. 1986-இல் நூறாண்டு விழாவுக்குள் தகட்டைப் பிடிக்கிற இரும்புப் பட்டைகளை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டார்கள். அப்போது கழற்றிய பழைய தீப்பந்தம் தீவிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முன்னால் என்னை அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது.

அம்மா போட்டோவைப் பார்த்துவிட்டு, "புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வந்துவிடுமே" என்றாள். அந்தப் பச்சைக் களிம்புதான் உள்ளே இருக்கிற செம்பைக் காப்பாற்றுகிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவில்லை.

அதே டிக்கெட்டில் எல்லிஸ் தீவுக்கும் போகலாம். நேரமில்லை என்று அதை மட்டும் விட்டுவிடாதே. 1892-இலிருந்து 1954 வரை ஒரு கோடியே இருபது லட்சம் பேர் அந்த வழியாக அமெரிக்காவுக்குள் போனார்கள். மூட்டையோடு மாடிப்படி ஏறுகிறவர்களை டாக்டர்கள் நின்று கவனிப்பார்களாம். மூச்சு வாங்கினால், நொண்டினால், சட்டையில் சாக்பீஸால் ஓர் எழுத்து போட்டுத் தனியே நிறுத்திவிடுவார்கள்.

நம்மவர்களுக்கு அந்தப் படி கூட ரொம்ப நாள் இல்லை. 1917-இல் வந்த சட்டம் இந்தியாவிலிருந்து குடியேறுவதையே தடுத்துவிட்டது. 1946-இல் வருடத்துக்கு 100 பேர் என்று கொஞ்சம் திறந்தார்கள். எந்த நாட்டில் பிறந்தவன் என்று பார்த்து ஒதுக்குகிற பழைய கணக்கை மாற்றிய சட்டத்தில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட்டது 1965 அக்டோபர் 3-ஆம் தேதி, அந்தச் சிலையின் காலடியில்தான். நீ முதல் தடவை போனபோது, விமான நிலையக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அங்கே இறங்கியதும் இவளை என்னென்ன கேட்பார்களோ என்று நான் பதறியது உனக்குத் தெரியாது. அம்மாவிடம் கூடச் சொன்னதில்லை. அதனால்தான் எனக்கு அந்த இரண்டு தீவையும் உன்னோடு சேர்ந்து பார்க்க வேண்டும்.

அப்புறம், படகில் ஏறும் முன் விமான நிலையம் மாதிரியே சோதனை உண்டு, மேடைக்குப் போகும்போது மறுபடியும் ஒரு சோதனை. பையை அங்கே லாக்கரில் வைக்கச் சொல்வார்கள். அதனால் பெரிய பை வேண்டாம். அம்மாவுக்குப் படகுக் காற்றில் காது அடைக்கும், உன்னுடைய கம்பளிச் சால்வை ஒன்றை எடுத்து வை. சின்னவள் உயரம் எவ்வளவு என்று இன்று ராத்திரியே மெசேஜ் போடு.

அன்புடன்,
அப்பா